இருவருக்கு ஒரு கோப்பு

கல்முனை நீர்ப்பங்கீட்டுக் கந்தோரில் கணினி மென்பொருளைப் புதுப்பித்த அன்று மூன்று பேருக்கு இரத்தம் வந்தது. புதுப்பித்ததற்கும் இரத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பணிப்பாளர் றஸ்மி அன்று பின்னேரமே எழுத்தில் அறிவித்தார். ஐந்தாம் நாள் இருபத்தொரு பேருக்கு வந்தபோது அதே கடிதத்தின் திகதியை மட்டும் மாற்றி ஒட்டினார்.

முதல்நாள் இரத்தத்தில் கொஞ்சம் கச்சிமுகம்மதுவுடையது. நிந்தவூர்க்காரர். நெல் ஆலையில் இருபத்திரண்டு வருடம் மூட்டை சுமந்தவர். வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்து நிற்கும். இரண்டு ஏக்கர் வயல் உண்டு. சிறுபோகப் பயிர் குடலையில் நின்றது. கதிர் வெளியே எட்டிப் பார்க்கப்போகும் அந்த நேரத்தில் தண்ணீர் பாயாவிட்டால் நெல்லுக்குள் அரிசி இருக்காது, காற்றுத்தான் இருக்கும். பத்து நாள் பயிர் பொறுக்கும். பதினோராம் நாள் மாட்டுக்கு அறுத்துப் போடலாம்.

தண்ணீர் கேட்கும் முறை இலகுவானது. கல்முனைக் கந்தோரில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவினைஞர் அதைக் கணினியில் கோப்பாக்குவார். ஒரு வயற்காரருக்கு ஒரு கோப்பு. அதன் பிரதி தானாகவே ஒலுவில் கிளைக்கும், வாய்க்காலின் தலையில் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியின் கணினிக்கும் போய்ச் சேரும். துருசுக் கதவைத் தூக்குகிற பஸால் தன் திரையைப் பார்த்துத்தான் தூக்குவான். திரையில் இல்லாதவருக்குத் தண்ணீர் இல்லை, அவர் பஸாலின் சொந்த வாப்பாவாக இருந்தாலும். ஒருமுறை இருந்தார். கொடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பிரதி எங்கும் போகவில்லை. அளவுக்கு மிஞ்சிய கோப்புகள் திறந்திருக்கின்றன என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு சிவப்பு வரி நின்றது. வெளியே நூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். "இண்டைக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்று யன்னலில் சொன்னதும் முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். பின்னால் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை, அவர்கள் திரும்பவில்லை. இடித்தார்கள். அடித்தார்கள். காவலாளி அஸ்கி பொல்லை எடுத்து வரிசை நேராகும்வரை அடித்தான். கச்சிமுகம்மதுவின் புருவம் வரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது போலும்.

முதலுதவிப் பெட்டி பணிப்பாளரின் அறையில் இருந்தது. அதனால்தான் புருவத்தில் பஞ்சை வைத்து அமத்தியபடி அவர் அந்தப் பேச்சைக் கேட்க நேர்ந்தது. கணினி உத்தியோகத்தர் சிபானா, ஒப்பந்தத்தில் வேலை செய்யும் மருதமுனைப் பெண், பணிப்பாளரின் மேசை முன் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சேர், பழைய பதிப்பு மணிக்கொருக்கா ஒவ்வொரு பைலாத் திறந்து பாத்திட்டு மூடிரும். புதுசு அப்பிடியில்ல. எல்லாத்தையும் ஒரேயடியாத் திறந்து வெச்சுக்கிட்டுக் காவல் நிக்கும். ஒரே நேரத்தில ஆயிரத்து இருபத்து நாலுதான் திறக்கலாமெண்டு மெசின்ல போட்டுக் கிடக்கு. எங்களுக்கிட்ட ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பது பைல் இரிக்கி. அந்த எண்ணைக் கூட்டினா முடிஞ்சு. ஒரு வரி மாத்தணும்."

"அந்த எண்ணை ஆரு போட்ட?"

"ஆரும் போடல்ல சேர். மெசின் வரக்குள்ளயே அப்பிடித்தான் வரும்."

"அப்ப மேலிடத்தில இருந்து வந்திரிக்கி."

"மேலிடமில்ல சேர், கம்பெனி."

"கம்பெனி எங்களுக்கு மேலயா, கீழயா?"

சிபானா யோசித்தாள். அவள் படித்த பாடங்களில் இந்தக் கேள்வி வரவில்லை.

"பாத்தீங்களா. தெரியாம ஒண்டைத் தொடப்படாது." பணிப்பாளர் கதிரையில் சாய்ந்தார். "இஞ்ச பாருங்க மிஸ். எண்ணைக் கூட்டுறதுக்கு எனக்கு அதிகாரமில்ல. ஆக்களைக் குறைக்கிறதுக்கு இரிக்கி. நான் சட்டப்படி போற மனிசன்."

"எனக்குக் கடவுச்சொல் இரிக்கி சேர். பத்துச் செக்கன் வேலை."

"கடவுச்சொல் இரிக்கிறது வேற, கடமை வேற." அப்போதுதான் பணிப்பாளர் கச்சிமுகம்மதுவைக் கண்டார். "காக்கா, அந்தப் பஞ்சு எடுத்ததுக்குக் கையெழுத்து வெச்சிட்டுப் போங்க."

செவ்வாய்க்கிழமை கோப்புக் குறைப்புக் குழு கூடியது. பதினொரு பேர். பெட்டிஸ் முடிந்து தேத்தண்ணீர் வருமுன்னரே தீர்மானம் வந்துவிட்டது: ஒரே வரம்பை எல்லையாகக் கொண்ட இரு வயற்காரர்களுக்கு இனிமேல் ஒரு கோப்பு. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பதைப் பாதியாக்கினால் தொளாயிரத்து எழுபது. எல்லைக்கு ஐம்பத்து நான்கு குறைவு. அயலவர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள், ஆகவே நிர்வாகம் இலகுவாகும் என்று அறிக்கையில் ஒரு வசனமும் சேர்த்தார்கள்.

குழுவின் பதினொரு பேரும் அரிசியைக் கடையில் வாங்குகிறவர்கள். அந்தப் பக்கத்து வயல்களில் ஒரே வரம்பில் எல்லை உள்ள இருவர் முகம் பார்த்துக் கதைப்பது பொலிஸில் மட்டும்தான். வரம்பை யார் எத்தனை விரல் செதுக்கினார், யாருடைய வக்கடையை யார் மண் வைத்து அடைத்தார் என்பதில் பாதி ஊருக்குத் தலையில் தையல் இருந்தது. வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் உள்ளே வர வெட்டுகிற ஒரு முழ வாய். ஒரு முழத்துக்காக அங்கே ஆட்களுக்குக் கை போயிருக்கிறது.

கச்சிமுகம்மதுவின் வரம்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சான் அபுல் ஹஸன், தங்கை சித்தி லைலாவின் புருஷன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வக்கடைச் சண்டையில் கச்சிமுகம்மது அவருடைய தோள்பட்டை எலும்பை மம்பட்டிப் பிடியால் உடைத்தார். அபுல் ஹஸன் இவருடைய இடது காதுச் சோணையைக் கடித்து வயலுக்குள் துப்பினார். அதன் பிறகு பேச்சில்லை. பெருநாளுக்குச் சித்தி லைலா இரண்டு வீட்டுக்கும் வட்டிலப்பம் கொண்டுபோவாள், இரண்டு வீட்டிலும் அழுவாள்.

சேதியைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

"காக்கா, உங்களையும் அவரையும் ஒரு பைல்ல போட்டிரிக்கானுகளாம்."

"என்னை வெட்டிக் குழியில போடச் சொல்லு. அவனோட போட வேணாம்."

"அவரும் அதத்தான் சொன்னாரு."

"அவன் ஏன் நான் சொல்றதைச் சொல்றான்?"

"சொல்லி முடிச்சிட்டு மம்பட்டியத் தீட்டுறாரு. பயிர் வாடுது காக்கா. ரெண்டு பேரும் போய்க் கையெழுத்த வெச்சிட்டு வாங்களன். அதுக்குப் பிறகு கொன்று போடுங்க, நான் கேக்கல்ல."

பயிர் இன்னும் எட்டு நாள்தான் பொறுக்கும். கச்சிமுகம்மது சாரனை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

கூட்டுக் கோப்புக்கு இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் வேண்டும். புதன்கிழமை படப்பிடிப்புக் கடையில் இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்கள். நெருங்கினார்கள். கடைக்காரர் பின்னால் கட்டியிருந்த நீர்வீழ்ச்சிப் படத்திரை கிழிந்தது, ஒரு விளக்கு உடைந்தது. நான்கு படங்களில் ஒன்று தெளிவாக வந்தது. அதில் கச்சிமுகம்மதுவின் வலது கை அபுல் ஹஸனின் தொண்டையில் இருந்தது. கந்தோரில் அதை ஏற்றுக்கொண்டார்கள். நான்கு காதில் மூன்றரையும் தெரிந்தது, வேறென்ன வேண்டும்.

வியாழக்கிழமை ஒரே நேரத்தில் ஒரே மேசையில் கையெழுத்து வைக்க வேண்டும். மேசைக்கு ஒரு பேனை, அது நூலில் கட்டியிருந்தது. அபுல் ஹஸன் முதலில் வைத்தார். பேனைக்காகக் கச்சிமுகம்மது கையை நீட்டினார். அபுல் ஹஸன் கொடுத்தார். உள்ளங்கையில் அரை அங்குலம் ஏறும்படி கொடுத்தார். கச்சிமுகம்மது அதைப் பிடுங்கி அதே கையால் கையெழுத்தைப் போட்டார். பிறகு அபுல் ஹஸனின் முகத்தை மேசையில் இரண்டு தரம் இடித்தார். ஒரு தரம் போதும் என்று அவருக்குத் தெரியும்.

எழுதுவினைஞர் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"நீல மையில வெக்கணும் காக்கா. சிவப்பு விழுந்தா செல்லாது. நாளைக்கு வாங்க."

அன்று அந்தக் கந்தோரில் அவர்கள் மட்டும் அடிபடவில்லை. சோடி சோடியாக வந்த வயற்காரர்கள் படிக்கட்டில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், தொழுகைக்கு ஒழு எடுக்கும் குழாயடியில் அடிபட்டார்கள். ஒருவர் தன் சோடியின் பற்களை வடிகானில் தேடிப் பொறுக்கி அவருக்கே எறிந்தார். அஸ்கியின் பொல்லு இரண்டாக முறிந்து, தலைமையகத்துக்கு வேறு பொல்லு கேட்டு எழுதினார்கள்.

கந்தோர் வளவுக்குள் காயம் பட்டால் பதிவு செய்ய வேண்டும் என்பது பழைய விதி. ஒரு சண்டைக்கு அடித்தவரின் படிவம் ஒன்று, அடிபட்டவரின் படிவம் ஒன்று. ஒவ்வொரு படிவமும் ஒரு கோப்பு. வியாழன் பன்னிரண்டு மணிக்குள் இருபத்தெட்டுச் சண்டைகள் பதிவாகின. ஐம்பத்தாறு புதுக் கோப்புகள். சிவப்பு வரி மீண்டும் வந்தது.

சிபானா மறுபடி போய் நின்றாள். "சேர், அடிபாட்டை நீங்கதான் கூட்டிட்டீங்க. எண்ணைக் கூட்ட விடுங்க."

"நான் கூட்டல்ல மிஸ். நான் குறைச்சன். அவனுகள் கூட்டுறானுகள்." பணிப்பாளர் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். அவருடைய பேச்சு அந்த வளவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

"கண்ணியத்துக்குரிய விவசாயப் பெருமக்களே. நீங்க உங்களுக்குள்ள அடிபடுறதுக்கு நாங்க தடையில்ல. அது உங்கட பழக்கம், அதை நாங்க மதிக்கிறம். ஆனா எங்கட மெசினுக்கு ஒரு கொள்ளளவு இரிக்கி. நாளையில இருந்து ஒரு நாளைக்குப் பதினைஞ்சு அடிபாட்டுக்கு மேல பதியிறதில்ல. அடிச்சவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே படிவம். பொருந்தாததை வெட்டி விடுங்க. பதினாறாவது சோடி தயவுசெஞ்சு வீட்ட போய் அடிபடுங்க. ஒழுங்கு எண்டது உள்ளத்தில இருந்து வரணும்."

சிலர் கை தட்டினார்கள். தட்ட முடியாதவர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வாசலில் சனம். பதினைந்துக்குள் அடிபட்டால்தான் மருந்து கட்டுவார்கள் என்று பேச்சு பரவியிருந்தது. அஸ்கி இலக்கச் சீட்டுக் கொடுத்தான். சீட்டு வாங்கியவர்கள் வரிசைப்படி அடிபட்டார்கள், மற்றவர்கள் நின்று பார்த்தார்கள், சிலர் நேரம் வீணாகிறது என்று முறைப்பட்டார்கள். தாடை இறங்கிய ஒருவர் முதலுதவி மேசைக்கு வந்து வாயைக் காட்டினார்.

"எத்தினாவது?" என்று கேட்டாள் மருந்து கட்டுபவள்.

அவர் பத்து விரலைக் காட்டி, பிறகு ஆறு விரலைக் காட்டினார்.

"அப்ப உங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல வாப்பா. போங்க."

கச்சிமுகம்மதுவுக்கும் அபுல் ஹஸனுக்கும் ஏழாம் இலக்கம். கையெழுத்தை முதலில் நீல மையில் வைத்தார்கள், பிறகு இலக்கத்துக்குரியதைச் செய்தார்கள். கச்சிமுகம்மதுவின் சின்னவிரல் பின்பக்கமாக மடங்கியது. அபுல் ஹஸனின் மூக்கு இடம் மாறியது. வயல் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விடயமில்லை. கோப்பு ஏறியதுதான் விடயம். ஆனால் ஏறிய கோப்பு துருசடிக்குப் போகவில்லை. சிவப்பு வரி அப்படியே நின்றது. தாடை இறங்கியவருக்குப் படிவம் மறுத்தார்கள் என்று ஒரு முறைப்பாட்டுக் கோப்பு, அந்த முறைப்பாட்டுக்கு ஒரு விளக்கக் கோப்பு, விளக்கத்துக்கு ஒரு பிரதி.

சனி, ஞாயிறு கந்தோர் பூட்டு. கச்சிமுகம்மது வரம்பில் நின்று பார்த்தார். மண் வெடித்து, வெடிப்புக்குள் கணுக்கால் போகுமளவு இருந்தது. குடலையை ஒன்று பிரித்தார். உள்ளே பால் பிடிக்க வேண்டிய பூ நூல் போலக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் அபுல் ஹஸனும் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் நிமிரவில்லை.

திங்கள், எட்டாம் நாள். சிபானாவின் மேசைக்கு முன்னால் இரண்டு பேர் கட்டிப் புரண்டு விழுந்தார்கள். ஒருவருடைய பல் பறந்து அவளுடைய விசைப்பலகையில் விழுந்தது, வேர் வரை இரத்தத்தோடு. அவள் அதைக் கடதாசித் துண்டால் எடுத்து ஓரமாக வைத்தாள். மேசையடியில் ஒருவன் மற்றவனின் தலையைத் தரையில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வரியைத் தேடினாள். ஆயிரத்து இருபத்து நான்கு என்ற எண்ணை அழித்து அறுபத்தையாயிரம் என்று போட்டாள். மென்பொருளை மூடித் திறந்தாள். சிவப்பு வரி போயிற்று. மூன்று கந்தோருக்கும் கோப்புகள் ஓடத் தொடங்கின. பதினொரு செக்கன்.

மதியத்துக்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடிதத்தில் குற்றம் இப்படி இருந்தது: குழு இயங்கிக்கொண்டிருக்கும்போது பிரச்சினையைத் தீர்த்தமை.

தண்ணீர் முறை கிடைத்த சந்தோசத்தில் கச்சிமுகம்மது பணிப்பாளரிடம் போனார். கூட்டுக் கோப்பில் ஒரு சிக்கல் இருந்தது. வயலின் அளவு என்ற கட்டத்தில் ஒரு எண்தான் எழுத முடியும். எழுதுவினைஞர் இரண்டு ஏக்கர் என்று எழுதியிருந்தார். இரண்டு ஏக்கருக்கு மூன்று மணித்தியாலத் தண்ணீர். இருந்ததோ நான்கு ஏக்கர்.

"சேர், மெசின்தான் இப்ப செரியாப் போச்சே. எங்களைப் பிரிச்சு விடுங்க. அவன்ட ரெண்டு ஏக்கர் வேற, என்ட ரெண்டு ஏக்கர் வேற."

"காக்கா, சேர்க்கிறதுக்குத் தீர்மானம் இரிக்கி. பிரிக்கிறதுக்கு இல்ல."

"அப்ப நாலு ஏக்கரெண்டாவது எழுதுங்க."

"நீங்க ஒரு பைல். ஒரு பைலுக்கு ஒரு வயல். நான் நாலு எழுதினா மற்றவனுக்கு அநியாயமாப் போயிரும். நீதி முக்கியம்." அவர் கச்சிமுகம்மதுவின் மடங்கிய விரலைப் பார்த்தார். "உங்கட மச்சான்தானே, பங்கு போட்டுக்கங்க. அயலவன்ட அருமை உங்களுக்கெல்லாம் விளங்கிறதில்ல."

புதன்கிழமை, பத்தாம் நாள், பகல் ஒரு மணி. பஸால் திரையைப் பார்த்தான், கதவைத் தூக்கினான். நான்கு மணிக்கு இறக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது. அபுல் ஹஸன் தன் வக்கடையடியில் மம்பட்டியோடு நின்றார். கச்சிமுகம்மது பதினைந்து யார் தூரம் கீழே தன்னுடையதில் நின்றார். தண்ணீர் மேலேயிருந்து வருவதால் முதல் வாய் அபுல் ஹஸனுடையது. அவர் மம்பட்டியை ஓங்கியபோது கச்சிமுகம்மது ஓடிவந்து பிடரியில் பிடித்தார்.

"முதல் எனக்கு. மிச்சம் உனக்கு."

"மூணு மணித்தியாலத்தில மிச்சமெங்கடா வாற?"

"அது உன்ட நசீபு."

அதன் பிறகு கதையில்லை. வாய்க்கால் கட்டில் அடிபட்டார்கள். மூட்டை சுமந்த கையும் வரம்பு வெட்டிய கையும். கச்சிமுகம்மதுவின் இரண்டு விலா உள்ளே போயின. அவருடைய போன் அவருக்குக் கீழேயே நொறுங்கியது. அபுல் ஹஸன் மார்பில் ஏறி இருந்து தொண்டையை நெரித்தார். கச்சிமுகம்மதுவின் கை தரையில் துழாவி மம்பட்டியைக் கண்டது. ஓங்க இடமில்லை. இருந்த இடத்தில் வீசினார். அலகின் பின்பக்கம் அபுல் ஹஸனின் காதுக்கு மேல் பட்டது. தேங்காய் வெடிப்பது போல ஒரு சத்தம். அபுல் ஹஸன் பக்கவாட்டில் சரிந்தார்.

கச்சிமுகம்மது எழுந்தார். வென்றுவிட்டார். தண்ணீர் காலடியில் போய்க்கொண்டிருந்தது, அவருடைய வக்கடை பதினைந்து யார் தூரத்தில் இருந்தது. இரண்டடி நடந்தார். திரும்பிப் பார்த்தார். மச்சானின் தலையிலிருந்து இரத்தம் துடித்துத் துடித்து வந்தது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சாண். சேட்டைக் கழற்றிச் சுருட்டி அதன் மேல் வைத்து இரண்டு கையாலும் அமத்தினார். நின்றது. கையைக் கொஞ்சம் தளர்த்தினார். பாய்ந்தது. மறுபடி அமத்தினார்.

"பஸால். ஆளுக்கு அடிபட்டிரிக்கி, ஓடி வா."

துருசுக் கட்டிலிருந்து பஸால் எட்டிப் பார்த்தான். "தண்ணி ஓடக்குள்ள கதவடிய விட்டு வரேலா காக்கா. ஓட்டோவுக்குச் சொல்லியிரிக்கன். வயல் பாதையில வரப் பயந்து சுத்தி வாறானாம்."

"அப்ப கதவை இறக்கு. தண்ணி சும்மா போகுது."

"நாலு மணிக்குத்தான் இறக்கலாம். உங்கட பைல்ல அப்பிடித்தான் இரிக்கி."

அபுல் ஹஸன் கண்ணைத் திறந்தார். எட்டு வருடத்தில் சண்டைக்கு வெளியே அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"போ. வக்கடைய வெட்டு."

"கைய எடுத்தாப் பாயுது."

"பாயட்டும். நான் மௌத்தாகணுமெண்டு நீதானே கேட்டுக்கிட்டுத் திரிஞ்ச."

"இப்பவும் அதத்தான் கேக்கன்."

"மறுகா என்ன? போயன்."

"நீ மௌத்தாப் போனா வாற பெரும்போகத்துக்கு ஆரு வந்து மற்றக் கையெழுத்தை வெக்கிற?"

அபுல் ஹஸன் வானத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"ஓம்," என்றார். "கெட்டியா அமத்து."

கச்சிமுகம்மது அமத்தினார். விலா குத்தியது. காலை நீட்டி, குதிக்காலால் மச்சானின் வக்கடையையாவது இடித்துத் திறக்கப் பார்த்தார். எட்டவில்லை. தண்ணீர் இரண்டு வக்கடைகளையும் தாண்டி, வெடித்த மண்ணுக்கு அரை முழம் பக்கத்தால், ஒரு சொட்டும் உள்ளே போகாமல் வாய்க்கால் முடிவுக்குப் போய் உப்புக் களப்பில் விழுந்தது. நல்ல தண்ணீர். மூன்று மணித்தியாலமும் குறையாமல் வந்தது.

நான்கு மணிக்குப் பஸால் கதவை இறக்கினான். கணினிக்கு முன் இருந்து, கூட்டுக் கோப்பைத் திறந்து, நீர் வழங்கப்பட்டது என்று பதிந்தான். கல்முனையிலும் ஒலுவிலிலும் துருசடியிலும் ஒரே செக்கனில் பச்சைச் சரிக்குறி விழுந்தது. பிழை எதுவும் காட்டவில்லை.